ஆயுதச் சட்டத்துக்காக வேட்பாளர்களைத் தேடிப் போனேன்

நான் பதக்கம் வாங்கிய வீரன் அல்ல. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எழும்பூரில் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போய் 25 மீட்டர் பிஸ்டல் சுடுவது முப்பது வயதில் தொற்றிக்கொண்ட பழக்கம். ஐம்பதைத் தாண்டியும் விடவில்லை. 2024 மக்களவைத் தேர்தலின்போது, ஆயுதச் சட்டத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு இருக்கும் சிக்கலைச் சொல்லித் திருத்தம் கேட்பதற்காக, தென்சென்னையிலும் மத்திய சென்னையிலும் வேட்பாளர்களைத் தேடி அலைந்தேன். கிளம்பும்போது கூட வருவதாகச் சொன்னவர்கள் பலர். கடைசியில் பெரும்பாலும் நான் தனியாகத்தான் நின்றேன். கைக்காசு போனது, மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் நேரத்தில் முதலாளியிடம் பெயரும் கெட்டது. இப்படி ஒரு வேலையில் இறங்குகிறவனுக்கு என்னென்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்ல ஆள் இல்லை. அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

கதை 2019இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு நவம்பர் 29ஆம் தேதி மக்களவையில் ஆயுதச் சட்டத் திருத்த மசோதா அறிமுகமானது. 1959ஆம் ஆண்டின் சட்டத்தில் 1983இல் செய்த திருத்தப்படி ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம். புதிய மசோதா அதை ஒன்றாகக் குறைத்தது. கள்ளத் துப்பாக்கி செய்து விற்பவர்களுக்கு ஆயுள் தண்டனை வரை, கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுகிறவர்களுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று வேறு பிரிவுகளும் அதில் இருந்தன. அவற்றை எங்களில் ஒருவரும் எதிர்க்கவில்லை, சொல்லப்போனால் வரவேற்றோம். என்னிடம் அப்போது இருந்தவை மூன்று. பயிற்சிக்கு ஒரு பாயிண்ட் 22 பிஸ்டல், சென்டர் ஃபயர் என்ற, பெரிய தோட்டாவுக்கான போட்டிக்கு ஒரு பாயிண்ட் 32 பிஸ்டல், அப்பா விட்டுப்போன டபுள் பேரல், அதாவது இரட்டைக் குழல் துப்பாக்கி. அப்பா திருவாரூர் பக்கம் விவசாயம் பார்த்தவர். பன்றி விரட்டுவதற்காக வாங்கியது அது. பெரும்பாலும் சுவரில் தொங்கியதே அதன் வேலை. இருந்தாலும் ஆயுத பூஜை அன்று அதற்குச் சந்தனம் வைத்தவர் அவர். அதை எப்படி விடுவது?

மசோதா வந்ததும் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கொந்தளிப்பு. பஞ்சாப் முதல்வராக இருந்த அமரீந்தர் சிங் மூன்றையே தொடர வேண்டும் என்று மத்திய அரசுக்கு எழுதினார். வடக்கே முன்னணி வீரர்கள் பேசினார்கள். நாங்களும் சென்னை எம்.பி.க்களைப் பார்த்துச் சொல்லலாம் என்று கிளம்பினோம். ஆனால் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்தது, எல்லோரும் டெல்லியில். இங்கே அலுவலகத்தில் இருந்த உதவியாளர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள், மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினோம். அது எந்தப் பெட்டியில் விழுந்ததோ தெரியாது. டிசம்பர் 9 மக்களவையில் நிறைவேறியது, 10 மாநிலங்களவையில், 13 குடியரசுத் தலைவர் ஒப்புதல். அறிமுகம் முதல் சட்டம் ஆகும் வரை எல்லாம் இரண்டு வாரத்தில் முடிந்துவிட்டது. நடுவில் ஒன்று என்பதை இரண்டாக மாற்றினார்கள். அது வேறு யாரோ, எங்கேயோ தட்டிய கதவு திறந்ததால் கிடைத்தது. சென்னையிலிருந்து நாங்கள் அசைத்தது ஒன்றும் இல்லை.

சட்டத்தில் நல்லதும் இருந்தது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. லைசென்ஸ் மூன்று ஆண்டுக்குப் பதில் ஐந்து ஆண்டு செல்லும் என்றார்கள். எண்ணிக்கை வரம்பிலிருந்து அங்கீகரிக்கப்பட்ட ரைபிள் கிளப் உறுப்பினர்களுக்கான விலக்கு முன்பு பாயிண்ட் 22 ரைபிளுக்கும் ஏர் ரைபிளுக்கும் மட்டும்தான்; இப்போது இலக்குப் பயிற்சிக்கான எந்தத் துப்பாக்கிக்கும் என்று விரிந்தது. 2020 பிப்ரவரியில் உள்துறை அமைச்சகம் தனி அறிவிக்கையே வெளியிட்டது. சர்வதேசப் பதக்கம் வாங்கியவர்கள், பெயர்பெற்ற வீரர்கள் பன்னிரண்டு வரை வைத்துக்கொள்ளலாம்; வளரும் வீரர்களுக்கு இரண்டு; அதற்கு மேல் சாதாரணக் குடிமகனுக்குரிய இரண்டு. பதக்கக்காரர்களின் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது. ஆனால் அந்த வகைகளில் சேர்வதற்குச் சான்று வேண்டும். என்னிடம் இருந்தது கிளப் உறுப்பினர் அட்டை மட்டும்; அது போதுமா என்பதில் தெளிவில்லை. ஒரு வருடத்துக்குள் அதிகப்படியானதை ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. அந்தக் கெடு முடியும் 2020 டிசம்பரில் ஊரில் பாதிப் பேர் மூன்றாவது துப்பாக்கியை விற்க நின்றால் யார் விலை கொடுப்பார்கள்? அப்பாவின் டபுள் பேரல் எட்டாயிரம் ரூபாய்க்குப் போனது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். மசோதா வந்தபிறகு ஓடினால் பயனில்லை. எம்.பி. ஆகப்போகிறவர் நம் தெருவுக்குத் தானாக வரும் மாதம் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறைதான் வருகிறது. அப்போது பிடித்தால்தான் உண்டு.

2024 பிப்ரவரியில் தி.மு.க., அ.தி.மு.க. இரண்டும் தேர்தல் அறிக்கைக் குழுக்களை ஊர் ஊராக அனுப்பி மனு வாங்கின. தேர்தல் தேதி அறிவிக்கும் முன்பே இது நடந்து முடிந்துவிடும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வேட்பாளர் யார் என்று தெரிந்தபிறகு போகலாம் என்று காத்திருந்தால் அறிக்கை அச்சாகியிருக்கும். மனு கொடுக்கும் இடத்தில் மீனவர் சங்கம், ஓய்வூதியர் சங்கம், பட்டாசு வியாபாரிகள், கல்விக் கடன் வாங்கித் தவிக்கும் பெற்றோர் என்று பெரிய கூட்டம். அவர்கள் கவலைக்கு முன்னால் என் பிஸ்டலைப் பற்றிப் பேச எனக்கே கூச்சமாக இருந்தது. ஒவ்வொருவருக்கும் கிடைப்பது ஒரு நிமிடம். ஆறு பக்கத்துக்கு எழுதி எடுத்து வந்தவர்களின் மனுவை வாங்கியவர் முதல் பக்கத்தின் தலைப்பை மட்டும் பார்த்து அடுக்கில் வைத்தார். மனு ஒரே பக்கம் இருக்கட்டும். தமிழில் இருக்கட்டும். கோரிக்கை முதல் மூன்று வரியில் வந்துவிட வேண்டும். வரலாறு கீழே போகட்டும். என் கோரிக்கைகள் மூன்று. கிளப் உறுப்பினரின் போட்டித் துப்பாக்கிகள் பதக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு என்ற வரம்புக்கு வெளியே என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். பரம்பரையாக வந்த ஒரு துப்பாக்கியை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. தேர்தல் நேரத்தில் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைப்பதிலிருந்து விளையாட்டு வீரர்களுக்கு விலக்கு தானாகவே கிடைக்க வேண்டும். அறிக்கைகள் வந்தபோது தேடிப் பார்த்தேன். எங்கள் வரி என் கண்ணில் படவில்லை.

மார்ச் 16ஆம் தேதி தேர்தல் அறிவிப்பு வந்தது. நடத்தை விதிகளும் அன்றே அமலுக்கு வந்தன. அடுத்த சில நாளில் ஸ்டேஷனிலிருந்து போன், துப்பாக்கியைக் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொல்லி. எதற்காகத் திருத்தம் கேட்கப் போகிறோமோ அந்தத் துப்பாக்கியே கையை விட்டுப் போனது. தேர்தல் ஆணையத்தின் வழிகாட்டலில் ஆய்வுக் குழு ஒன்று உண்டு. ஜாமீனில் இருப்பவர்கள், குற்றப் பின்னணி உள்ளவர்கள், கலவரங்களில் தொடர்புடையவர்கள் என்று பார்த்துத்தான் ஒப்படைக்கச் சொல்ல வேண்டும். தேசிய ரைபிள் சங்க உறுப்பினராக இருந்து போட்டிகளில் கலந்துகொள்கிறவர்களுக்கு விலக்கும் உண்டு. ஆனால் இதையெல்லாம் ஸ்டேஷன் மேசையில் நின்று வாதாடிப் பெற முடியாது. விலக்கு வேண்டுமானால் சங்கத்தின் கடிதம், போட்டி அட்டவணை, லைசென்ஸ் நகல் மூன்றையும் சேர்த்து, அறிவிப்பு வரும் முன்பே உரிய அதிகாரிக்கு விண்ணப்பம் போட்டு வைத்திருக்க வேண்டும். அந்தக் கடிதம் எனக்கு வந்து சேர்ந்தபோது பிஸ்டல் உள்ளே போயிருந்தது.

ஒப்படைக்கும்போது நான் செய்த சிலவற்றைச் சொல்கிறேன். இவை பின்னால் உதவின. குழலின் உள்ளே எண்ணெய்த் துணியை இழுத்து, வெளியே மெல்லிய படலமாக எண்ணெய் தடவி, மகளுடைய புது ஷூ பெட்டியில் கிடந்த ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களை உறைக்குள் போட்டேன். வரிசை எண் தெரியும்படி நான்கு பக்கமும் படம் எடுத்தேன். ஸ்டேஷன் ரைட்டர் பதிவேட்டில் எழுதும்போது எண்ணில் ஒரு இலக்கம் மாறியது. பக்கத்திலேயே நின்று பார்த்ததால் திருத்த முடிந்தது. இல்லையென்றால் திரும்ப வாங்கும்போது அது என் துப்பாக்கி இல்லை என்று ஆகியிருக்கும். தோட்டாக்களையும் எண்ணி ரசீதில் எழுதச் சொல்லுங்கள். ரசீது உங்கள் உரிமை, யாரும் செய்யும் தயவு அல்ல.

இனி வேட்பாளர்கள். மார்ச் 20 முதல் 27 வரை வேட்புமனுத் தாக்கல், 30 திரும்பப் பெறக் கடைசி நாள், ஏப்ரல் 17 மாலை பிரசாரம் ஓய்வு, 19 வாக்குப்பதிவு. கையில் இருந்தது மூன்று வாரம். கூட வருவதாகச் சொன்ன நண்பர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். ஒருவருக்குக் கட்டுமானத் தொழில். எந்தக் கட்சிக்காரர் வீட்டு வாசலில் நின்றாலும் இன்னொரு கட்சி கவனிக்கும் என்ற பயம். இன்னொருவர் அரசு ஊழியர், அவர் வரவே கூடாது. கிளப்பின் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று நிர்வாகிகள் கறாராகச் சொன்னார்கள். அது நியாயம்தான். விளையாட்டு அமைப்பு தேர்தலில் தலையிட்டால் அங்கீகாரத்துக்கே ஆபத்து. நீங்களும் தனி வாக்காளராகவே போங்கள். கிளப் சட்டை, தொப்பி எதையும் போட்டுக்கொண்டு போகாதீர்கள். புரிந்துகொள்கிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேனே தவிர, இரவில் தனியாக மனுக்களை மடித்து உறையில் போடும்போது எரிச்சலாக வந்தது. 2019 டிசம்பரில் வாட்ஸ்அப் குழுவில் அதிகம் கத்தியவர்களே இப்போது கட்டைவிரல் படம் மட்டும் போட்டார்கள்.

முதலில் ஒரு பெரிய கட்சியின் வேட்பாளரைப் பார்க்க ஏற்பாடானது. வெறுங்கையோடு போகக் கூடாது, பொன்னாடை வேண்டும் என்று உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் சொல்லி, பாண்டி பஜாரில் ஒன்று வாங்கினேன். காலை ஆறரை மணிக்கு வேட்பாளரின் அலுவலகத்தில் எனக்கு முன்னால் பெரிய வரிசை, எல்லோர் கையிலும் பாலிதீன் உறையில் பொன்னாடை. போர்த்துகிறோம், கேமராவைப் பார்க்கிறோம், அந்தக் கணமே பின்னால் நிற்கும் இளைஞர் தோளிலிருந்து அதை உருவி, ஒரே உதறலில் மடித்து, காலடியில் இருக்கும் பெரிய பைக்குள் போடுகிறார். அவர் கை நிற்கவே இல்லை. அந்த இடைவெளியில் நான் பேச ஆரம்பித்து, 'ஆயுதச் சட்டம்' என்று சொல்வதற்குள் அடுத்தவரின் பொன்னாடை வந்துவிட்டது. என் உறையும் அதே பைக்குள் போனது. பொன்னாடை வேண்டாம். அதற்குச் செலவழிக்கும் பணத்தில் ஆட்டோ பிடித்து, பிரசார வண்டி கிளம்பும் முன் பூங்காவில் வாக்கிங் போகிறவர்களைச் சந்திக்க வேட்பாளர் வரும் இடத்துக்குப் போங்கள். நாகேஸ்வர ராவ் பூங்காவிலும் நங்கநல்லூர்ப் பக்கமும் எனக்குக் கிடைத்த இரண்டு நிமிடங்கள் அந்த அலுவலகத்தில் கிடைக்கவில்லை.

அங்கிருந்து வட்டச் செயலாளர் ஒருவரிடம் அனுப்பினார்கள். நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுத்தார். மனுவைப் படித்துவிட்டு மிக இயல்பாகக் கேட்டார்: "சார், எல்லாம் சரி. உங்கள் ஆட்கள் எத்தனை ஓட்டு இருக்கும்?" நான் யோசித்தேன். தென்சென்னையில் ஏறக்குறைய 20 லட்சம் வாக்காளர்கள். எங்கள் ரேஞ்ச் இருப்பது எழும்பூரில், அது மத்திய சென்னை. உறுப்பினர்கள் வேளச்சேரியில், பெரம்பூரில், அண்ணா நகரில், தாம்பரத்தில் என்று நான்கு மக்களவைத் தொகுதிகளில் சிதறிக் கிடக்கிறார்கள். ஒரு தெருவுக்குக்கூடத் தேறாது. "குடும்பத்தோடு சேர்த்தாலும் கொஞ்சம்தான் அண்ணே" என்றேன். அவர் சிரித்தார், ஏளனமாக அல்ல, பரிதாபமாக. "அப்படியென்றால் ஓட்டைச் சொல்லிக் கேட்காதீர்கள், வேறு எதையாவது சொல்லிக் கேளுங்கள்" என்றார். அந்தத் தேர்தலில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி அந்த ஒரு வாக்கியம்.

அந்த 'வேறு எதை' என்பதைக் கண்டுபிடிக்கச் சில நாள் ஆனது. அதற்குள் இன்னொரு வேட்பாளரின் ஆள் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். "துப்பாக்கிக்கு ஆதரவு தருகிறார் என்று நாளைக்கு எதிரணி போஸ்டர் ஒட்டினால் என்ன செய்வது?" அவர் பயத்தில் தவறில்லை. பொதுமக்களுக்குத் துப்பாக்கி என்றால் ரவுடியும் என்கவுன்டரும்தான் நினைவுக்கு வருகின்றன. அதன்பிறகு மனுவின் முதல் வரியை மாற்றினேன். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியத் துப்பாக்கி சுடும் வீரர்கள் 22 பதக்கங்கள் வாங்கினார்கள், அதில் 7 தங்கம். பறக்கும் தட்டைச் சுடும் டிராப் போட்டியில் ஆண்கள் அணித் தங்கத்தில் புதுக்கோட்டைப் பிருத்விராஜ் தொண்டைமானின் பங்கு உண்டு. இதில் ஆரம்பித்து, இப்படி இன்னொருவர் வருவதற்கு முன்னால் பல ஆண்டு சாதாரணக் கிளப் உறுப்பினராக இருக்க வேண்டும், அந்த ஆண்டுகளுக்குச் சட்டத்தில் தெளிவான இடமில்லை என்று முடித்தேன். தொண்டைமான் பெயரைச் சொன்னதும் முகங்கள் மாறின. சுயபாதுகாப்பு, குடிமகனின் உரிமை என்ற பேச்சை அடியோடு விட்டுவிடுங்கள். அது வேறு வழக்கு. அதை இதில் கலந்தால் இரண்டும் கெடும். துண்டுப் பிரசுரத்தில் துப்பாக்கிப் படம் போடவே கூடாது. இலக்கு அட்டையின் படம் போதும்.

துண்டுப் பிரசுரம் என்றதும் நினைவு வருகிறது. எந்த வேட்பாளர் எங்கள் கோரிக்கையை ஏற்கிறார் என்று வாக்காளர்களுக்குச் சொல்லும் ஒரு சிறு பிரசுரம் அடிக்க நினைத்தோம். திருவல்லிக்கேணியில் அச்சகக்காரர் காகிதத்தைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவின்படி, ஒரு வேட்பாளரின் வெற்றி தோல்வியைப் பாதிக்கும் பிரசுரம் எதுவானாலும் அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். வெளியிடுபவர் கையெழுத்திட்டு, அவரை நேரில் அறிந்த இருவர் சான்றொப்பமிட்ட உறுதிமொழி இரண்டு படிகள் அச்சகத்தில் கொடுக்க வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சான்றொப்பமிட இருவரைத் தேடியபோதுதான் எனக்கு எத்தனை நண்பர்கள் என்று தெரிந்தது. கடைசியில் மைத்துனரும் அடுத்த வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியரும் போட்டார்கள். ஆசிரியர் மனுவை வாங்கி ஒற்றுப்பிழைகளைச் சிவப்பு மையில் திருத்திக் கொடுத்துவிட்டுத்தான் கையெழுத்திட்டார்.

வேட்பாளர்களை ஒரே மேடையில் வரவழைத்துக் கேள்வி கேட்கலாம் என்று ஒரு யோசனையும் இருந்தது. மயிலாப்பூரில் ஒரு சிறு மண்டபத்துக்கு 15,000 ரூபாய் முன்பணம் கொடுத்தோம். 'கொடுத்தோம்' என்றால் நான் கொடுத்தேன். இரண்டு தரப்பு வருவதாக ஒப்புக்கொண்டது. பிறகுதான் சிக்கல் தெரிந்தது. அனுமதி வாங்க வேண்டும், வீடியோ குழு வரும், மேடையில் ஏறும் வேட்பாளரின் செலவுக் கணக்கில் மண்டப வாடகை சேரலாம். மக்களவைத் தேர்தலில் வேட்பாளரின் செலவு வரம்பு தமிழ்நாட்டில் 95 லட்சம்; அதில் எங்கள் மண்டபத்துக்காக ஒரு ரூபாய்கூட எழுத யாரும் தயாராக இல்லை. ஒருவர் விலகியதும் மற்றவரும் விலகினார். முன்பணம் திரும்பவில்லை. கல்யாணச் சீசன், வேறு ஆளுக்குக் கொடுத்திருப்பேனே என்றார் மண்டபக்காரர். அவர் சொன்னதும் சரிதான். மேடை போடும் யோசனை யாருக்காவது வந்தால், தேதி அறிவிக்கும் முன்பே, பிப்ரவரியிலேயே நடத்தி முடித்துவிடுங்கள்.

ஒரு இடத்தில் "தேர்தல் நிதி ஏதாவது" என்று மெதுவாகக் கேட்டார்கள். கணக்கு எழுதுகிறவனிடம் கேட்டது அவர்கள் துரதிருஷ்டம். இரண்டாயிரத்துக்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கட்சியின் வருமானவரி விலக்குக்கே சிக்கல், காசோலை என்றால் பேசலாம் என்றேன். பேச்சு அத்தோடு நின்றது. அந்த நாட்களில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் வைத்துக்கொண்டு வண்டியில் போனாலே பறக்கும் படை கேள்வி கேட்கும். மனு கொடுக்கப் போகிறவர்கள் பணத்தின் பக்கமே போகாமல் இருப்பது உடம்புக்கு நல்லது.

எல்லாக் கதவும் மூடிய நிலையில் எனக்கு உருப்படியாகப் பேசக் கிடைத்தவர், வெல்ல வாய்ப்பே இல்லாத ஒரு சிறிய கட்சியின் வேட்பாளர். தொழிலால் வழக்கறிஞர். பிரசாரம் முடிந்து இரவு பத்து மணிக்குத் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்து, சட்டத்தின் 3ஆவது பிரிவை வரிக்கு வரி படித்தார். பிறகு கேட்டார்: "சட்டத்தைத் திருத்துங்கள் என்று ஒரு எம்.பி.யிடம் கேட்கிறீர்கள். தனி ஒரு எம்.பி. எப்படித் திருத்துவார்? அவர் தனியாகச் செய்யக்கூடியதைக் கேளுங்கள்." அவரே மூன்றைச் சொன்னார். உள்துறை அமைச்சருக்கு ஒரு கடிதம். மக்களவையில் ஒரு கேள்வி; அதற்குப் பதினைந்து முழு நாள் முன்னறிவிப்பு கொடுத்தால் போதும், ஆளும் கட்சியாக இருக்க வேண்டும் என்பதில்லை. மக்களவைக்கு வரும் பொது மனுவில் ஓர் உறுப்பினர் மேலொப்பமிட்டு அவையில் அளிக்கலாம், அது மனுக்கள் குழுவுக்குப் போகும். இந்த மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதி, 'ஜெயித்தால் இவற்றில் எதைச் செய்வீர்கள்?' என்று கேட்டபோது வேட்பாளர்கள் தரப்பு பதில் சொல்லத் தொடங்கியது. ஆம் என்பதற்கு அவர்களுக்கு ஒரு செலவும் இல்லை, எந்தப் போஸ்டருக்கும் பயப்பட வேண்டியதில்லை. முக்கியமான இரண்டு தரப்பிலிருந்து கடிதத் தாளில் கையெழுத்தோடு 'கவனிப்போம்' என்று வாங்கினேன். அந்த வழக்கறிஞர் டெபாசிட் இழந்தார். அவருக்குத்தான் நான் ஓட்டுப் போட்டேன்.

ஏப்ரல் 19 வாக்குப்பதிவு முடிந்தாலும் துப்பாக்கி திரும்பவில்லை. நாடு முழுவதும் ஏழு கட்டம். முடிவு ஜூன் 4. முடிவு வந்து ஒரு வாரம் கழித்துத் திருப்பித் தர வேண்டும் என்பது ஆணையத்தின் வழிகாட்டல். சென்னையின் சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் அத்தனை வாரம் இரும்பு பூட்டிக் கிடந்தால் என்ன ஆகும்? எண்ணெய் தடவியதால் பாயிண்ட் 22 தப்பித்தது. பாயிண்ட் 32இன் ஸ்லைடு என்ற நகரும் மேல்பகுதியின் ஓரத்தில் துருவின் செம்பொட்டுகள் பூத்திருந்தன. சரிசெய்ய 3,500 ரூபாய். நடுவில் வந்த கிளப் போட்டியில் இரவல் பிஸ்டலில் சுட்டேன். என் உள்ளங்கைக்கு ஏற்றபடி செதுக்கிய மரப்பிடி வேறு, அந்தப் பிடி வேறு. அடுத்தடுத்து பத்துக்கு ஏழு, எட்டு என்று விழுந்தது. வண்டிச் செலவு, அச்சு, மண்டபம், பழுது எல்லாம் சேர்த்து ஐம்பதாயிரத்தை நெருங்கியது. சம்பளம் பிடித்த விடுப்பை அதில் சேர்க்கவில்லை.

வென்றவரின் அலுவலகத்துக்குக் கையெழுத்துத் தாளோடு ஜூலையில் போனேன். அந்தத் தாள் இல்லாமல் போயிருந்தால் வாசலோடு அனுப்பியிருப்பார்கள். உதவியாளர் அதைப் பார்த்துவிட்டு, நாங்கள் எழுதிக் கொண்டுபோன வரைவையே கொஞ்சம் சுருக்கிக் கடிதமாக்கி உள்துறைக்கு அனுப்பினார். வரைவை நீங்களே தயாராக எழுதிக் கொண்டுபோங்கள்; யாரும் உட்கார்ந்து எழுதித் தர மாட்டார்கள். கிடைத்ததாக ஒரு வரி பதில் டெல்லியிலிருந்து வந்தது. சட்டம் அப்படியே இருக்கிறது. மக்களவைக் கேள்விக்காக இன்னும் அந்த அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். உதவியாளர் இப்போது என்னை முகம் பார்த்து அடையாளம் கண்டுகொள்கிறார், உட்காரச் சொல்கிறார்.

சட்டமன்றத் தேர்தலுக்கும் இதே மனுவைக் கொடுக்கலாமா என்று கிளப்பில் சிலர் கேட்கிறார்கள். ஆயுதம், வெடிமருந்து எல்லாம் அரசியல் சாசனத்தின் மத்தியப் பட்டியலில் 5ஆவதாக வருபவை, எம்.எல்.ஏ. அதில் கை வைக்க முடியாது. அதனாலேயே அவர்கள் தாராளமாகக் கையெழுத்துப் போடுவார்கள், பயன் ஒன்றும் இருக்காது. அவர்களிடம் கேட்க வேண்டியவை வேறு: லைசென்ஸ் புதுப்பிப்பில் ஆகும் தாமதம், மாவட்டங்களில் ரேஞ்சுக்கு நிலம், மாணவர்களுக்கு மாநில விளையாட்டுத் துறையின் உதவி. அதற்குத் தனி மனு எழுதியிருக்கிறேன், ஒரே பக்கம்தான். வேண்டுமென்றால் நகல் தருகிறேன். தொகுதி பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். பிரசுரமாக அச்சடித்தால் அச்சகத்தின் பெயரைப் போட மறக்காதீர்கள்.